மாமியார் சோதனை

எங்கள் அலுவலகத்தில் ஒருத்திக்கு மாமியார் என்று பெயர். கல்யாணம்கூட ஆகாத பெண், என்னைவிடச் சின்னவள். நாங்கள் எழுதுகிற மொபைல் செயலிகளைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இவளிடம் அந்தப் பாரபட்சம் கிடையாது. யார் உடைத்தாலும் பொன்குடம்தான். முதலாளியே ஒரு பொத்தானைக் கோணலாக வைத்தாலும், "சார், இது கோணலா இருக்கு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அதனால் வந்த பெயர். அவளும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள்.

அலுவலகம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே காற்றடிக்கிற இயந்திரம் ஓடினால் மேலே எங்கள் மேசை நடுங்கும். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாசனை, மூடினால் புழுக்கம். அந்த அறையிலிருந்து நான் ஒரு செயலியை முடித்துக் கொடுத்ததும் மாமியார் அதைத் தன்னிடம் இருக்கிற பழைய, கண்ணாடி விரிசல் விட்ட போனில் ஏற்றுவாள். போனை முழுதாக நிறுத்தி மறுபடி போடுவாள். ஃப்ளைட் மோடில் வைப்பாள். அப்புறம் படியிறங்கித் தெருவைத் தாண்டி, எதிரே இருக்கிற மருந்துக்கடை வாசலில் வெயிலில் நின்று செயலியைத் திறப்பாள். இதற்கு நாங்கள் வைத்த பெயர்தான் மாமியார் சோதனை.

"என் மேசையில நல்லா ஓடுதுடி" என்று நான் எரிந்து விழுவேன்.

"உங்க மேசையை யாரும் பையில போட்டுட்டுப் போறதில்லக்கா" என்பாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என் அண்ணன் எனக்குப் பட்டாசு என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

அண்ணன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். போன வருஷம் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். எடுத்தார்கள். உயிர் பெரிதா குரல் பெரிதா என்றால் உயிர்தான், யார் இல்லை என்றது. ஆனால் அதை ஒரு வாத்தியாரிடம் கேட்டுப் பாருங்கள். உடம்பு தேறி அவன் வேலைக்குத் திரும்பப் போனபோது தலைமையாசிரியை நல்ல முறையில்தான் பேசினார். கூடப் போயிருந்த அண்ணி வந்து சொன்னாள்.

"ஒரே ஒரு வகுப்பு எடுத்துக் காட்டுங்க சார், நான் பின்னாடி உட்கார்ந்து பார்க்கிறேன். பிள்ளைங்களுக்குப் புரிஞ்சா உங்க வகுப்பு உங்களுக்குத்தான். முடியலேன்னா நூலகத்தைப் பார்த்துக்கங்க. வேலை எங்கேயும் போகாது" என்றாராம்.

அதற்கு அண்ணன் ஒரு தாளில், 'புத்தகத்துக்குத் தூசி தட்டவா கணக்கு படித்தேன்' என்று எழுதினான். அதைத் தலைமையாசிரியையிடம் காட்டவில்லை, எங்களிடம்தான் காட்டினான். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டுகிற செயலிகள் கடையில் கிடைக்கின்றன. இரண்டு மூன்றைப் போட்டுப் பார்த்தோம். ஒன்று தமிழைக் கடித்துத் துப்பியது. இன்னொன்றில் ஒரு வாக்கியம் சொல்வதற்குள் நான்கு திரை தாண்ட வேண்டியிருந்தது. நான்கு திரை தாண்டும்வரை எந்த வகுப்பு காத்திருக்கும்? "நானே செஞ்சு தர்றேன்" என்றேன். வாய் சும்மா இருக்காது.

நான் எழுதுவது ஜாவாஸ்கிரிப்டில். அதில் எழுதினால் எந்தப் போனிலும் ஓடும் என்பார்கள். ஓடும். ஓட வைப்பதற்குள் நாம் எங்காவது ஓடிவிடலாமா என்று தோன்றும். ஒரு பொத்தான் வைக்க, ஆயத்தமாகக் கிடைக்கிற நிரல் பொதி ஒன்றை வரவழைத்தால், அது தன் பங்குக்கு இன்னும் நூறு பொதிகளை வரவழைக்கும். கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால் வேன் பிடித்து ஊரையே கூட்டி வருகிற சொந்தக்காரர் மாதிரி. அத்தனையும் ஒரு கோப்புறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கோப்புறையை நான் திட்டாத நாள் கிடையாது.

எப்படியோ செய்து முடித்தேன். மேலே எழுதுகிற கட்டம், கீழே பெரிய பெரிய பொத்தான்கள். அடிக்கடி சொல்கிற வாக்கியத்தை ஒரு பொத்தானில் சேமித்துக்கொள்ளலாம், தொட்டால் போன் பேசும். குரல் கொஞ்சம் செய்தி வாசிப்பது போலத்தான் இருந்தது, ஆனாலும் குரல். அண்ணன் முதலில் சேமித்த வாக்கியம், 'கடைசி பெஞ்சு, அங்க என்ன மாநாடு?' அடுத்தது, 'விடை கிடக்கட்டும், வழி எங்க?' அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு என்று ஆரம்பித்தது வீட்டுக்கும் வந்துவிட்டது. 'காபியில் சர்க்கரை இல்லை.' 'என் கண்ணாடியை யார் எடுத்தது?' 'பட்டாசு கீழே வரவும்.'

"பேச்சு போச்சேன்னு அழுதேன். இப்ப முன்னைவிட ரெண்டு மடங்கு பேசறார். இதுக்கும் அழணும்போல இருக்கு" என்று அண்ணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவர்கள் கீழே, நான் மாடியில். என் அறையில் பெரிய கணினி ஒன்று இருக்கிறது, அதை நான் நிறுத்துவதே இல்லை. அதன் நெற்றியில் 'தொடாதே, தொட்டால் கை இருக்காது' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். கூட்டிப் பெருக்க வருகிற அண்ணிக்காக ஒட்டியது. அதில் நான் ஒரு வரியை மாற்றினால் அடுத்த நொடி கீழே அண்ணன் போனிலும் மாறிவிடும். பொத்தான் சின்னதாக இருக்கிறது என்று அவன் செய்தி அனுப்புவான், நான் மேலே உட்கார்ந்து பெரிதாக்குவேன், அவன் கையிலேயே அது பெரிதாகும். என்ன சுகம், என்ன வசதி. அந்த வசதிதான் என்னைக் கவிழ்க்கப் போகிறது என்று யார் கண்டது?

வகுப்புக்கு நாள் குறித்த பிறகு ஒருநாள் மாமியார் கேட்டாள்.

"சார் போனை ஒருநாள் எடுத்துட்டு வாங்கக்கா, ஒரு தடவை பார்த்துடறேன்."

"இது வீட்டு வேலைடி. தினமும் நாள் பூரா பேசிட்டு இருக்கான். தெருவுல நடந்து போறப்பகூடப் பேசறான். உன் சோதனையை ஆபீசோட வெச்சுக்கோ."

"சரிக்கா" என்று அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த நாள் வந்தது. நான் காலையிலேயே அலுவலகம் வந்துவிட்டேன். அண்ணன் நிதானமாகக் கிளம்பிப் பஸ்ஸில் போவதாகப் பேச்சு. எங்கள் அலுவலகமும் அதே வழியில்தான் இருக்கிறது. கீழே முதல் டயருக்குக் காற்றடிக்க ஆரம்பித்த நேரத்தில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினால் அண்ணன். தேய்த்த சட்டை, கழுத்தின் துளையை மறைக்கிற வெள்ளைத் துணி, பளபளவென்று துடைத்த செருப்பு. முகத்தில் மட்டும் ரத்தமில்லை. போனை என் பக்கம் நீட்டினான்.

திரை முழுக்கச் சிவப்பு. டெவலப்மென்ட் சர்வரோடு இணைக்க முடியவில்லை என்று வெள்ளை எழுத்து.

பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் போனில் நான் போட்டு வைத்திருந்தது முழுச் செயலி இல்லை, வெறும் கூடு. நாங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது பயன்படுத்துகிற டெவலப்மென்ட் பதிப்பு அது. திறக்கிற ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்க வேண்டியதை என் அறைக் கணினியிடம் வைஃபை வழியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஒருமுறை வாங்கிவிட்டால் மூடும்வரை தாங்கும். அதனால்தான் தெருவில் நடக்கும்போதும் பேசியது. அன்றைக்கு அண்ணன், சார்ஜ் முழுசாக இருக்கட்டும் என்று போனை நிறுத்தி வைத்திருந்துவிட்டு, பஸ் ஸ்டாப்பில் போய்த்தான் போட்டிருக்கிறான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். சட்டி என் வீட்டு மாடியில் இருந்தது. தன் கணினியிலேயே எழுதி, தன் மேசையிலேயே பார்த்து, 'ஆகா, ஓடுகிறது' என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொள்கிற செயலி எழுதுகிற எங்கள் சாதிக்கு மட்டுமே செய்யத் தெரிந்த தப்பு இது.

பதற்றத்தில் முதலில் அண்ணிக்குத்தான் போன் செய்தேன். "அண்ணி, என் ரூம்ல கணினி ஓடுதா பாருங்க."

"ஓடுதே. நான் தொடவே இல்லம்மா. என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல" என்று வைத்துவிட்டேன்.

அண்ணன் சுவரில் இருந்த வெள்ளைப் பலகைக்குப் போனான். பேனாவை எடுத்து ஒரே ஒரு சொல் எழுதினான். 'நூலகம்?'

மாமியார் எழுந்து வந்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். என் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்தாள்.

"உட்காருங்க சார். வகுப்பு எப்போ?"

'இடைவேளைக்குப் பிறகு' என்று அண்ணன் பலகையில் எழுதினான்.

"அப்ப நேரம் இருக்கு. தண்ணி குடிங்க."

'நான் அன்றைக்கே சொன்னேனே' என்று அவள் கேட்கவில்லை. அப்போதும் கேட்கவில்லை, இன்றுவரைக்கும் கேட்கவில்லை. அதற்கு மட்டுமே அவளுக்குக் கோயில் கட்டலாம்.

நல்லவேளை, எழுதிய எல்லாவற்றையும் இணையத்தில் ஒரு பிரதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அலுவலகக் கணினியில் அதை இறக்கி, கூடு இல்லாத முழுச் செயலியைக் கட்ட உட்கார்ந்தேன். அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயும் கை போகாது என்பார்களே, அதேதான். கட்டு என்றதும் திரையில் எரர் வரிசை கொட்டியது, மேலிருந்து கீழே சிவப்பு.

"எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடறேன்" என்று விசைப்பலகையில் கை வைத்தேன்.

மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "எதையெல்லாம் அழிக்கப் போறீங்க?"

"அந்தக் கோப்புறை, லாக் ஃபைல், எல்லாம்தான். எல்லாப் பொதியும் புதுப் பதிப்பா வந்துடட்டும்."

"இன்னைக்கு எதையும் புதுசாக்க வேணாம்க்கா. வீட்டுல எந்தப் பதிப்பு ஓடிச்சோ அது அந்த லாக் ஃபைலுக்கு மட்டும்தான் தெரியும். அதையும் அழிச்சிட்டா கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி ஆயிடும். கோப்புறையை மட்டும் அழிங்க. லாக் ஃபைல்ல இருக்கற மாதிரியே அச்சு அசலா இறக்குங்க."

"அப்ப இந்த எரர்?"

"கடைசி வரியைப் பார்த்துட்டுக் கத்தறீங்க. முதல்ல எங்க தடுக்கி விழுந்துச்சுன்னு மேல போய்ப் பாருங்க."

மேலே போனேன். முதல் வரியில் பச்சைப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற மாதிரி எழுதியிருந்தது. பொதிகளை இயக்குகிற அடிப்படைக் கருவி அலுவலகக் கணினியில் பழைய பதிப்பாக இருந்தது. வீட்டில் இருக்கிற பதிப்பை இங்கேயும் போட்டேன். சிவப்பு நின்றது. பொதிகள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன, திரையில் பெயர்கள் மளமளவென்று ஓடின.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அண்ணன் மட்டும் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு அந்தப் பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து பலகையில் எழுதினான். 'இவர்களெல்லாம் யார்?'

"ஆள் இல்லண்ணா, பொதி. ஆனா ஒவ்வொண்ணையும் யாரோ ஒருத்தர் எழுதியிருப்பாங்க."

'உனக்குத் தெரிந்தவர்களா?'

"ஒருத்தரையும் தெரியாது. எந்தெந்த ஊரிலோ இருக்காங்க. வேலை முடிஞ்சு வந்து, பிள்ளையத் தூங்க வெச்சிட்டு, சும்மா எழுதிப் போட்டவங்கதான் பாதிப் பேர். யார் வேணா எடுத்துக்கலாம்னு விட்டுட்டாங்க."

'என் குரலுக்கு இத்தனை பேரா?'

அந்தக் கோப்புறையை நான் எத்தனை பெயர் சொல்லித் திட்டியிருக்கிறேன். அவன் கேட்ட பிறகுதான் அதற்குள் இத்தனை ஆட்கள் இருப்பது எனக்கே தெரிந்தது. எழுத்துகளை எண்ணிக் கொடுக்க ஒருவர், பொத்தான் தொடுவதை உணர ஒருவர், போனின் குரலை எழுப்ப ஒருவர். முகம் தெரியாத அத்தனை பேரும் என் அண்ணனுக்காகத் தெரியாமலே உழைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அண்ணன் பலகையின் மூலையில் 'எல்லோருக்கும் நன்றி' என்று எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தான். வாத்தியார் கையெழுத்து, கோடு போட்டது போல நேராக இருந்தது.

செயலி கட்டி முடிந்தது. போனில் ஏற்றப் போனேன். ஏற்கெனவே இருப்பதோடு முத்திரை பொருந்தவில்லை, பழையதை நீக்கிவிட்டுத்தான் புதியதைப் போட முடியும் என்றது போன். ஒரு செயலியை யார் கட்டினார்கள் என்பதற்கு ஒரு ரகசிய முத்திரை உண்டு. முழுச் செயலிக்கு நான் வேறு முத்திரை குத்தியிருந்தேன்.

"நீக்கிட்டாப் போச்சு" என்று கட்டைவிரலை நீட்டினேன்.

"அக்கா" என்றாள் மாமியார். "சார் சேமிச்சு வெச்ச வாக்கியமெல்லாம் எங்க இருக்கு?"

விரல் அந்தரத்தில் நின்றது. அவை அந்தப் போனில் மட்டும்தான் இருந்தன. பழைய செயலியை நீக்கினால் கூடவே எல்லாம் போயிருக்கும். கடைசி பெஞ்சு மாநாடும், காபிக்குச் சர்க்கரையும், அவன் வாரக்கணக்கில் யோசித்து யோசித்துச் சேர்த்த தன் பேச்சு மொத்தமும். ஒருமுறை டாக்டர் அவன் குரலை எடுத்தார். இரண்டாம் முறை நான் எடுக்க இருந்தேன்.

"பழைய முத்திரையையே குத்திக் கட்டுங்க. மேலேயே உட்கார்ந்துக்கும், உள்ள இருக்கறது அப்படியே இருக்கும். கடைக்கு அனுப்பறப்ப ஒழுங்கான முத்திரை போட்டுக்கலாம்" என்றாள்.

அப்படியே செய்தேன். மேலேயே உட்கார்ந்தது. மாமியார் போனை நிறுத்தி மறுபடி போட்டாள், ஃப்ளைட் மோடில் வைத்தாள், திறந்தாள். சிவப்பு இல்லை. பொத்தான்கள் எல்லாம் அண்ணன் வைத்த இடத்திலேயே இருந்தன. நான் பெருமூச்சு விட்டேன். அவள் ஒரு பொத்தானைத் தொட்டாள். சத்தமே இல்லை. இன்னொன்றைத் தொட்டாள். அதுவும் ஊமை.

"பாதிக் கிணறு தாண்டி என்னடி பிரயோஜனம்" என்றேன்.

அவள் ஃப்ளைட் மோடை எடுத்துவிட்டுத் தொட்டாள். பேசியது. மறுபடி போட்டாள். பேசவில்லை.

"தமிழ்க் குரலை இந்தப் போன் இணையத்துல இருந்து வாங்கிட்டு இருந்திருக்கு. வீட்டுல வைஃபை, தெருவுல சிக்னல் இருந்ததால உங்களுக்குத் தெரியல. வகுப்புல சிக்னல் போச்சுன்னா சார் பாதி வாக்கியத்துல நின்னுடுவார்" என்று சொல்லிக்கொண்டே போனின் அமைப்புக்குள் போய், குரலை முழுதாக இறக்கி வைத்தாள். பிறகு ஃப்ளைட் மோடு. பொத்தான்.

"கடைசி பெஞ்சு, அங்க என்ன மாநாடு?" என்றது போன்.

"வாங்க சார், கீழே போலாம்" என்றாள் மாமியார்.

மூன்று பேரும் படியிறங்கி, தெருவைத் தாண்டி, மருந்துக்கடை வாசல் வெயிலில் போய் நின்றோம். எத்தனை தடவை இந்தச் சடங்கைப் பார்த்து மாடி ஜன்னலிலிருந்து பல்லைக் கடித்திருப்பேன். போனை நிறுத்தி, போட்டு, அண்ணன் கையில் கொடுத்தாள். அவன் எதையோ எழுதிவிட்டுத் தொட்டான்.

"என் பொண்டாட்டிக்கு வாய்ச்ச மாமியார்கூட இவ்வளவு சோதிச்சதில்ல" என்றது போன், செய்தி வாசிக்கிற குரலில், மருந்துக்கடைக்காரர் காதுபட. மாமியார் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு மூன்று பேருமே போனோம். முதலாளியிடம் கேட்டதற்கு, "மாமியார் பார்க்காம எந்தச் செயலியும் நம்ம ஆபீசைவிட்டுப் போகக் கூடாது, போய்ட்டு வாங்க" என்றார். வகுப்புக்கு வெளியே நீள வராந்தா. ஜன்னல் ஓரமாக நானும் மாமியாரும் நின்றுகொண்டோம். தலைமையாசிரியை பின்வரிசையில், பிள்ளைகளோடு பிள்ளையாக, முழங்கால் இடிக்கிற பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டுப் போனைத் தொட்டான். வகுப்பு கப்சிப் என்று கேட்டது. பாடம் பின்னம். அவன் மூன்றின் கீழ் நான்கு என்று பலகையில் போட்டுவிட்டு, அதையே போனிலும் எழுதித் தொட்டான்.

"ஏப்ரல் மூன்று" என்றது போன்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பின்னத்தைப் போன் தேதியாகப் படித்துவிட்டது. மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டாள். "எண்ணைப் பார்க்காம விட்டுட்டேன்க்கா" என்றாள் மெதுவாக. மாமியார் உடைத்த குடம். மண்குடமோ பொன்குடமோ, அந்த நிமிஷம் எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, அதுதான் அதிசயம்.

அண்ணனும் சிரித்தான். சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தான். பிறகு நிதானமாக எழுத ஆரம்பித்தான். அவன் எழுதி முடிக்கும்வரை வகுப்பு காத்திருந்தது. அத்தனை பிள்ளைகளும் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குக் கணக்கு தெரியும். இந்தப் போனுக்குத்தான் தெரியாது. இது என்னன்னு நீங்களே அதுக்குச் சொல்லிக் கொடுங்க."

"முக்கால்" என்றது வகுப்பு, ஒரே குரலில்.

அதற்கப்புறம் நிற்கவில்லை. அவன் பலகையில் போடப் போட, பிள்ளைகள் போனுக்குப் பாடம் சொன்னார்கள். அரை, கால், முக்காலில் பாதி. ஒரு பெண் விடையை மட்டும் சொல்லிவிட்டு உட்காரப் பார்த்தாள்.

"விடை கிடக்கட்டும், வழி எங்க?" என்றது போன்.

பிள்ளைகளுக்கு அந்த வாக்கியம் தெரியும். அவனிடம் பல தடவை திட்டு வாங்கிய வாக்கியம். வகுப்பு முழுக்க ஒரு சலசலப்பு ஓடியது, எங்கள் சார் வந்துவிட்டார் என்கிற சலசலப்பு. அந்தப் பெண் எழுந்து போய் வழியைப் பலகையில் போட்டாள்.

வகுப்பு முடிவதற்கு முன்பே தலைமையாசிரியை எழுந்து வெளியே வந்தார். எங்களைப் பார்த்தார். "நூலகத்துக்கு வேற ஆளைத்தான் தேடணும்" என்றார். சொல்லிவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டே போய்விட்டார்.

நான் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீ இல்லேன்னா இன்னைக்கு அவன் இந்த வகுப்புக்குள்ளேயே வந்திருக்க மாட்டான். உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

"அடுத்த தடவை போனை முன்னாடியே குடுங்க" என்றாள். "அந்த ஏப்ரலை நாளைக்கே சரி பண்ணணும்."

"வேணாம். அது அப்படியே இருக்கட்டும். வகுப்புல அவனுக்கு அது வேணும்."

அப்போதுதான் அண்ணியின் நினைவு வந்தது. காலையில் பாதியில் வைத்தவள் நான். வராந்தா ஓரத்துக்குப் போய்க் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"என்னம்மா ஆச்சு? நான் உன் ரூம்லதான் உட்கார்ந்திருக்கேன். நீ கேட்டதும் எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. கணினி நின்னுடக் கூடாதேன்னு காலையில இருந்து காவலுக்கு இருக்கேன். வேலைக்குக்கூடப் போகல. ஓடிட்டுத்தான் இருக்கு."

போனை ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். உள்ளே அண்ணனின் போன் பேசிக்கொண்டிருந்தது, அவன் வகுப்பை முடித்துக்கொண்டிருந்தான்.

"கேக்குதா அண்ணி?"

"கேக்குது" என்றாள்.

"வகுப்பு அண்ணனுக்குத்தான்னு சொல்லிட்டாங்க. இப்ப அந்தக் கணினியை நிறுத்துங்க."

"தொடாதேன்னு ஒட்டியிருக்கியே."

"அதைக் கிழிச்சிப் போட்டுட்டு நிறுத்துங்க."

காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. பிறகு, என் அறையில் வருஷக்கணக்காக ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்த கணினி விசிறி மெல்ல அடங்குகிற சத்தமும் கேட்டது. நான் போனை மறுபடியும் ஜன்னல் பக்கம் நீட்டினேன்.

"நிறுத்திட்டேன்" என்றாள் அண்ணி.

"இப்ப?"

"இப்பவும் கேக்குது" என்றாள்.